பழைய ஓட்டு வீடும் தோட்டமும்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

நாகர்கோவிலில் ராமவர்மபுரம் பக்கம் தொடங்கி தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை வரைக்கும் இன்னும் சில பழைய வீடுகள் நிற்கின்றன. திருவிதாங்கூர் காலத்தில் கட்டியவை. முன்னால் பூமுகம் என்னும் வாசல் மண்டபம், நடுவில் முற்றம், மேலே மங்களூர் ஓடு, சுற்றிலும் பிலா (பலா), மா, தென்னை, பின்பக்கம் கிணறு. அக்கம்பக்கத்தில் டாக்டர் வீடுகளும் வளைகுடாப் பணத்தில் எழும்பிய மூன்று மாடி வீடுகளும் வந்தாயிற்று. சென்ட் விலை பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் "இதை இடிச்சுட்டு..." என்று ஆரம்பித்துவிடுவார். இடிக்க மனமில்லாமல், ஆனால் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இந்த வீடுகளின் கோளாறுகளில் முக்கால்வாசி வயதால் வருவதல்ல. நாமே "சரி செய்த" இடங்களிலிருந்து வருபவை. சிமென்ட் பூச்சு, புட்டி, முற்றத்தில் இன்டர்லாக் கல், ஓட்டுக்குப் பெயின்ட், மச்சுக்குக் கீழே ஜிப்சம் பலகை. வீட்டைக் கட்டியவர்கள் மழைத்தண்ணீர் ஓட ஒரு வழியும், நனைந்த சுவர் காய ஒரு வழியும் வைத்துத்தான் கட்டினார்கள். அந்த வழி எங்கே அடைபட்டது என்று தேடுவதுதான் பாதி வேலை. ஆகவே எந்த அறிகுறியானாலும் முதல் கேள்வி இதுதான்: இது எப்போது தொடங்கியது, அதற்கு முந்தின ஒன்றிரண்டு வருடங்களில் வீட்டில் என்ன வேலை நடந்தது?

அப்புறம் காலம். குமரி மாவட்டத்துக்கு ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ஜூனில் நனையும் சுவர் முழுதாகக் காய்வதற்குள் அக்டோபர் வந்துவிடும். தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை கிடைப்பதுதான் உண்மையான வேலைக்காலம். கோளாறைக் கண்டுபிடிப்பதை மழையில் வைத்துக்கொள்ளுங்கள், திருத்துவதை வெயிலில். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆவணியில் ஒழுகுகிறது என்று ஆவணியிலேயே கொத்தனாரைக் கூப்பிடுகிறார்கள். அவரும் கிடைத்ததை வைத்து அடைத்துவிட்டுப் போகிறார்.

சுவரின் அடிப்பகுதியில் பெயின்ட் உரிகிறது, வெள்ளைப் பொடி பூக்கிறது

கறையின் மேல் விளிம்பைப் பாருங்கள். தரையிலிருந்து ஏறத்தாழ ஒரே உயரத்தில், இரண்டு மூன்று அடியில், சுவர் நெடுக ஒரு கோடாக நின்றால் அது மண்ணிலிருந்து ஏறும் ஈரம். மேலே தொடங்கிக் கீழே விரிந்தால் ஓட்டிலிருந்தோ, கூரைத் தண்ணீர் ஓடும் பாத்தியிலிருந்தோ இறங்குகிறது. நடுச்சுவரில் தனியாக ஒரு திட்டு மட்டும் இருந்தால் மறுபுறம் குளியலறைக் குழாய் ஓடுகிறதா என்று பாருங்கள்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சின்னச் சோதனை உண்டு. அடுக்களையில் இருக்கும் அலுமினியத் தாளை ஒரு சாண் சதுரமாக வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் அறைக்குள் காற்றோட்டம் இல்லை, அவ்வளவுதான். பூட்டிக் கிடக்கும் வீடுகளில் இந்த இரண்டாவது வகைதான் அதிகம். அதற்கு ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும், கொத்தனார் வேண்டாம்.

மண்ணிலிருந்து ஏறும் ஈரம் என்றால் காரணம் புரிந்துகொள்வது நல்லது. மேற்குப் பக்கத்து வீடுகளின் சுவர் பெரும்பாலும் வெட்டுகல், அதாவது மண்ணிலிருந்து வெட்டியெடுக்கும் செம்பாறைக்கல். கிழக்கே போகப்போகச் செங்கல். இரண்டுமே தண்ணீரை உறிஞ்சும். சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவரில் அந்த ஈரம் பூச்சின் வழியாகவே ஆவியாகிப் போய்விடும். அதன்மேல் சிமென்ட் பூசி, புட்டி தேய்த்து, பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் ஈரம் வெளியேற இடமில்லை. இடம் தேடி மேலே ஏறும். போகும்போது கரைத்துக்கொண்டு போகும் உப்பு, பூச்சு பலவீனமான இடத்தில் படிகமாகிப் பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். நீங்கள் பார்க்கும் வெள்ளைப் பொடி அதுதான். கொத்தனார், "நீர்புகாக் கலவை சேர்த்து சிமென்ட்ல பூசிட்டா ஜென்மத்துக்கும் வராது சார்" என்பார். வரும். மூன்றடியில் இருந்தது ஐந்தடியில் வரும்.

வேலையை வெளியிலிருந்து தொடங்குங்கள். சுவரை ஒட்டி இன்டர்லாக் கல் பதித்திருந்தால், சுவரிலிருந்து இரண்டடி அகலத்துக்கு அதைப் பெயர்த்து எடுங்கள். அந்த இடத்தில் ஒரு அடி ஆழம் தோண்டி, வெளிப்பக்கம் சரிவு கொடுத்து ஜல்லி நிரப்புங்கள். கல்தரை இருந்தால் ஓட்டிலிருந்து விழும் தண்ணீர் தெறித்துச் சுவரை நனைக்கும். ஜல்லியில் விழுந்தால் தெறிக்காமல் இறங்கிவிடும். சுவரோரம் குரோட்டன்ஸ், செம்பருத்தி என்று வைத்து தினமும் ஹோஸ் பிடிக்கிறீர்களா? அதையும் நகர்த்துங்கள். வருடாவருடம் தோட்டத்து மண்ணும் சருகும் சேர்ந்து சுவரோரம் தரை உயர்ந்திருக்கும். கருங்கல் அடித்தளத்தின் மேல் விளிம்பு வெளியே தெரிகிற அளவுக்கு மண்ணைக் கீழே இறக்க வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு ஒரு கோடை காத்திருங்கள். பொடியை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி எடுத்துவிடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். அடுத்த தை மாதம் கறைக்கோட்டுக்கு ஒரு அடி மேல் வரை சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசலாம். ஒரு பங்கு நன்றாக ஊறிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். உப்பு மணல் மட்டும் கூடவே கூடாது, கடற்கரைப் பக்கத்து மணல் என்றால் தலையை ஆட்டாதீர்கள். பூசியபின் நேர் வெயில் படாமல் சாக்கு கட்டி, சில நாள் லேசாக ஈரம் தெளித்துவர வேண்டும். சுண்ணாம்பு இறுகுவது காற்றிலிருக்கும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு, அதுவும் மெதுவாகத்தான். கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டித் தண்ணீர் சேர்ப்பவர்கள் உண்டு. சேர்க்கட்டும். ஆனால் நல்ல சுண்ணாம்பும் கழுவிய மணலும் பொறுமையும் இல்லாத இடத்தில் கடுக்காய் மட்டும் எதையும் காப்பாற்றாது. மேலே சுண்ணாம்பு அடித்தால் போதும்.

பத்மநாபபுரம் அரண்மனை தக்கலையிலிருந்து கூப்பிடு தூரம். 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தபிறகும் அதைக் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. போகிறவர்கள் எல்லோரும் பளபளக்கும் கருந்தரையைக் குனிந்து பார்ப்பார்கள். நீங்கள் நிமிர்ந்து, கூரையின் இறவாணம் சுவரைத் தாண்டி எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது என்று பாருங்கள். நம் வீடுகளில் கார் நிறுத்தவும் ஏ.சி. பெட்டி மாட்டவும் வெட்டிவிட்டது அதைத்தான்.

மழை பெய்தால் ஒழுகுகிறது, ஆனால் எங்கிருந்து என்று தெரியவில்லை

சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது. ஓட்டின் இடுக்கில் நுழையும் தண்ணீர் ஓட்டைத் தாங்கும் பட்டியலைப் பிடித்து, அதற்கு அடியில் சாய்ந்து நிற்கும் கழுக்கோலைப் பிடித்துச் சரிவில் ஓடிவந்து, ஏதாவது ஒரு முடிச்சிலோ ஆணியிலோதான் சொட்டும். ஆகவே சொட்டும் இடத்திலிருந்து முகட்டை நோக்கி மேலே தேடுங்கள்.

எந்த மழையில் ஒழுகுகிறது என்பதைக் கவனித்தால் பாதித் தேடல் குறையும். இடவப்பாதி மழை பெரும்பாலும் மேற்கு, தென்மேற்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். ஐப்பசியில் கிழக்கு, வடகிழக்குக் காற்று. ஜூனில் ஒழுகாத வீடு ஐப்பசியில் ஒழுகினால் கிழக்குச் சரிவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஒழுகினால் இரு கூரைகள் சேரும் இடத்துப் பாத்தியில் சருகு அடைத்திருக்கும். பழைய வீட்டில் ஒழுகலுக்குப் பாதிக் காரணம் அந்தப் பாத்தியும் அதன் மேல் நிற்கும் பிலா மரமும்தான்.

மழை பெய்யும்போது மச்சில் ஏறி டார்ச் அடித்து, நனைந்த கழுக்கோலில் சுண்ணக்கட்டியால் குறி போடுங்கள். நல்ல வெயில் நாளில் அதே இடத்திலிருந்து மேலே பார்த்தால் ஓட்டின் இடுக்கில் வெளிச்சப் புள்ளிகள் தெரியும். அதுவும் தெரியவில்லை என்றால் ஹோஸ் சோதனை. ஒருவர் மச்சில் இருக்க, இன்னொருவர் கீழ் வரிசை ஓட்டில் தொடங்கி ஒவ்வொரு வரிசையாக மேலே தண்ணீர் விட்டுக்கொண்டு போக வேண்டும். மேலிருந்து கீழே விட்டால் எந்த வரிசையில் நுழைந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

உடைந்த ஓடு இல்லாமலும் ஒழுகும். மங்களூர் ஓட்டின் ஓரத்தில் இருக்கும் பள்ளம் பாசியும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் அதைத் தாண்டி உள்பக்கம் வழியும். கழற்றி, கம்பி பிரஷ்ஷால் பள்ளத்தைத் தேய்த்து, திரும்ப அடுக்கினாலே சரியாகிவிடும். மாற்று ஓடு வாங்க வேண்டியிருந்தால் பழைய ஓட்டில் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை அச்சு வேறு, ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்றின் மேடு உட்காராது. இடித்த வீடுகளின் ஓடு விற்பவர்களிடம் நல்ல பழைய ஓடு கிடைக்கும். தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும், மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல். பாசல் மிஷன் என்ற சுவிஸ் கிறிஸ்தவ அமைப்பின் முத்திரையும் 1865 என்ற எண்ணும் உள்ள ஓட்டைக் காட்டி "நூற்றைம்பது வருச ஓடு" என்று விலை ஏற்றுவார்கள். 1865 மங்களூரில் அவர்கள் முதல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடம். பிறகு வந்த ஓடுகளிலும் அதே எண்தான் இருந்தது.

முகட்டு ஓட்டின் அடியில் சிமென்ட் வைத்து அடைத்திருந்தால் அங்கே மயிரிழை விரிசல் கட்டாயம் இருக்கும். மரக்கூரை மழைக்கும் வெயிலுக்கும் அசையும், சிமென்ட் அசையாது. பெயர்த்துவிட்டுச் சுண்ணாம்புக் கலவை வைப்பது நல்லது. ஓட்டின் மேல் சிவப்புப் பெயின்ட்டும் ரப்பர் பூச்சும் அடிப்பது எனக்குப் பிடிக்காது. இரண்டு மழைக்குள் உரிந்து, உரிந்த துண்டுகளே பாத்தியை அடைக்கும். ஜிப்சம் மச்சு இருந்தால் ஒரு மூலையில் ஆள் தலை நுழையும் அளவுக்குத் திறப்பு வெட்டி வையுங்கள். ஒழுகல் கண்ணுக்குத் தெரியாமல் உத்தரம் உளுத்துப்போவதுதான் இந்த வீடுகளில் நடக்கும் பெரிய செலவு.

ஓட்டின்மேல் பழகாதவர் ஏறவேண்டாம். எங்கள் பெரியம்மை "மக்கா, ஓட்டுல ஏறணும்னா ஓட்டுக்காரன் ஏறட்டும்" என்பாள். அவள் சொன்னதில் நான் எதிர்த்துப் பேசாத சில விஷயங்களில் இது ஒன்று.

ராத்திரி மேலே ஓடும் சத்தம், காலையில் ஓடு நகர்ந்திருக்கிறது

எலி என்றால் சத்தம் மெலிசாக, விட்டுவிட்டுக் கேட்கும். கனமாக, திடுதிடுவென்று ஓடினால் மரநாய். சக்கை (பலாப்பழம்), சப்போட்டா, பப்பாளி பழுக்கும் காலத்தில் அதிகம் வரும். மச்சில் விதை விதையாக எச்சமும் ஒரு தனி வாடையும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட பிராணி அது. விஷம் வைப்பதும் பொறி வைப்பதும் குற்றம்.

கூரைக்கு வரும் பாலம் எது என்று தேடுங்கள். மரக்கிளை, கேபிள், மதில் ஏதாவது ஒன்று இருக்கும். கூரையிலிருந்து எட்டுப் பத்தடி தூரத்துக்குக் கிளைகளை வெட்டிவிடுங்கள். நுழையும் துளையை இருட்டிய பிறகு, அது இரை தேடப் போன நேரத்தில் கம்பிவலை போட்டு அடையுங்கள். அதற்கு முன் மச்சில் குட்டி இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இருந்தால் அவை தாயோடு போகும்வரை பொறுங்கள். உள்ளே குட்டியும் வெளியே தாயும் என்று ஆகிவிட்டால் அது கூரையையே பிரித்துவிடும்.

மரத்தில் பொடி கொட்டுகிறது, சுவரில் மண் கோடு ஏறுகிறது

இரண்டும் வேறு வேறு வியாதி. சுவரிலோ தூணிலோ பென்சில் பருமனில் மண் குழாய் ஏறினால் அது மண்ணிலிருந்து வரும் சிதல், அதாவது கரையான். மரத்தில் சின்னச் சின்ன வட்டத் துளையும் கீழே மாவு மாதிரிப் பொடியும் இருந்தால் உளு, மரத்தைத் துளைக்கும் சின்ன வண்டு. பொடி மாவாக இல்லாமல் கசகசா அளவில் மணிமணியாக இருந்தால் மரத்துக்குள்ளேயே வாழும் சிதல், அதற்கு மண் தொடர்பே தேவையில்லை.

மண் குழாயை முழுவதும் துடைத்துவிடாதீர்கள். நடுவில் ஒரு விரல் நீளம் உடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் பாருங்கள். திரும்பக் கட்டியிருந்தால் உயிரோட்டமான பாதை. அடியைத் தேடிப் போங்கள், ஏதோ ஒரு ஈரம் இருக்கும். ஒழுகும் குழாய், சுவரில் சாய்த்து வைத்த விறகு, கதவு நிலையின் கால் மண்ணில் புதைந்திருப்பது, இப்படி. ஈரத்தை நீக்காமல் மருந்து மட்டும் அடித்தால் அடுத்த வருடம் வேறு மூலையில் ஏறும். உளுவுக்கு வேறு சோதனை. பொடியைக் கூட்டி எடுத்துவிட்டு அடியில் கருப்புத் துணியோ தாளோ விரித்து வையுங்கள். புதுப்பொடி விழவில்லையென்றால் அது என்றோ முடிந்துபோன கதை, அப்படியே விட்டுவிடலாம்.

அப்புறம் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். தேக்கு, அயினி, பிலா எல்லாவற்றிலும் வைரப் பகுதி சுலபத்தில் போகாது. வெளியே இருக்கும் வெள்ளைதான் அரிக்கப்படும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும் உத்தரம் ஒரு அங்குலத்துக்குள் கல் மாதிரி நிற்கும். நல்ல ஆசாரி அரித்ததைச் செதுக்கி எடுத்துவிட்டு "இது இன்னும் நிக்கும்" என்று சொல்லுவார். மொத்தமாக மாற்றிவிடலாம் என்று முதல் பார்வையிலேயே சொல்பவரிடம் பழைய மரத்துக்கு என்ன விலை போகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். உண்மையில் கவலைப்பட வேண்டியது உத்தரத்தின் சுவருக்குள் புதைந்த நுனி. அங்கே சிமென்ட் வைத்து அடைத்திருந்தால் ஈரம் தங்கி உளுத்திருக்கும்.

மண்ணில் மருந்து இறக்க ஆள் வந்தால் முதலில் கிணற்றைக் காட்டுங்கள். கிணற்றோரச் சுவரின் அடியில் துளைபோட்டுப் பூச்சிமருந்து ஊற்றினால் அது நீங்கள் குடிக்கும் தண்ணீரில் வந்து சேரும். அந்தப் பக்கம் மரத்தில் பூசும் மருந்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

சுவரில் விரிசல்

மயிரிழையாக, சிலந்திவலை போல் பரவியிருந்தால் பூச்சு மட்டும்தான். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, ஒரு முனை அகலமாக இருந்தால் அடித்தளம் ஏதோ ஒரு பக்கம் இறங்குகிறது. விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு பக்கமும் பசை வைத்து ஒட்டுங்கள். ஒரு மழைக்காலம் முழுக்க கண்ணாடி உடையாமல் இருந்தால் பழைய விரிசல், சுண்ணாம்பு வைத்து அடைத்துவிடலாம். உடைந்தால் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். அவர் வருவதற்குள் அந்த மூலையில் பாத்தித் தண்ணீர் கொட்டுகிறதா, பக்கத்து மனையில் புதிதாக ஆழமாகத் தோண்டினார்களா என்று பார்த்து வையுங்கள்.

விரிசலில் ஆலங்கன்றோ அரசங்கன்றோ முளைத்திருந்தால் மேலே வெட்டிவிடுவதால் பயனில்லை. வெட்ட வெட்ட வேர் பருக்கும். அந்த இடத்துக் கல்லைப் பெயர்த்து வேரை முழுதாக எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டுவதுதான் வழி. விரல் பருமனாக இருக்கும்போதே செய்யுங்கள்.

கதவு இறுகுகிறது

மழைக்காலத்தில் மட்டும் இறுகினால் இழைக்காதீர்கள். பங்குனியில் தானாகச் சுருங்கும், இழைத்த கதவு அப்போது ஆடும். வருடம் முழுக்க மேல் மூலையில் மட்டும் இடித்தால் கீலில் திருகு தளர்ந்திருக்கிறது.

சுவரையோ குழாயையோ தொட்டால் ஷாக்

மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இதில் வீட்டுச் சோதனை எதுவும் கிடையாது. மரச்சட்டத்துக்குள் ஓடும் பழைய ரப்பர் ஒயர் காலப்போக்கில் நொறுங்கி, ஈரச் சுவர் வழியாக மின்சாரம் கசியும். பல வீடுகளில் எர்த் ஒயரே இல்லை. ஒயரை மாற்றி, எர்த் போட்டு, மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைக்காமல் அந்த வீட்டில் குழந்தைகளை விடாதீர்கள்.

கோடை மழை பெய்த அன்று ஆயிரக்கணக்கில் கருவண்டு

தோட்டத்துக்கு அருகே ரப்பர் இருந்தால் இது வரும். முப்ளி வண்டு. ரப்பர்ச் சருகில் வளர்ந்து, முதல் கோடை மழையோடு கூட்டமாகக் கிளம்பி ஓட்டு வீட்டின் மச்சில் வந்து அடையும். மாதக்கணக்கில் அங்கேயே முடங்கிக் கிடக்கும். கடிக்காது, ஆனால் நசுக்கினால் வரும் நீர் தோலில் எரிச்சல் தரும். அந்த ஒரு வாரம் சாயங்காலம் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, தள்ளி ஒரு இடத்தில் ஒரு விளக்கை எரியவிட்டு அதன் அடியில் சோப்புத் தண்ணீர் வைத்தால் பெரும்பகுதி அங்கே போகும். மச்சில் ஏறியவற்றைக் கூட்டித்தான் எடுக்க வேண்டும்.

கிணற்றுத் தண்ணீரில் நிறமோ நாற்றமோ

இறைத்தபோது தெளிவாக இருந்து, வாளியில் வைத்தபின் செந்நிறமானால் இரும்பு. இந்த மண்ணில் அது சகஜம். மேலே எண்ணெய்ப் படலம் போல மிதந்தால் ஒரு குச்சியால் தொடுங்கள். படலம் துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் இரும்பை உண்ணும் நுண்ணுயிர், பயப்பட வேண்டாம். உடையாமல் திரும்ப ஒன்றுசேர்ந்தால் உண்மையிலேயே எண்ணெய், மோட்டாரைப் பாருங்கள். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அடியில் சருகு அழுகுகிறது. பக்கத்து வீட்டில் புதிதாக செப்டிக் டேங்க் வந்திருந்தால் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் குடிக்காதீர்கள்.

வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு 1000 லிட்டருக்கு 5 கிராம் பிளீச்சிங் பவுடர், சாதாரணமாகச் சுத்தம் செய்ய அதில் பாதி. வட்டக் கிணற்றின் விட்டம் 2 மீட்டர், தண்ணீர் 3 மீட்டர் என்றால் ஏறத்தாழ 9400 லிட்டர், அதற்கு 47 கிராம். பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, வாளி நிறையத் தண்ணீர் சேர்த்துக் கலக்கிப் பத்து நிமிடம் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளியில் எடுத்துக் கிணற்றுக்குள் இறக்கிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் எடுக்கலாம்.

தூர்வார ஆளை இறக்குவதில் மட்டும் அவசரம் வேண்டாம். நாள்பட்ட கிணற்றின் அடியில் பிராணவாயு இல்லாமல் இருக்கும். விளக்கு அணையவில்லை என்பதை நம்பி இறங்கி உயிர்விட்டவர்கள் உண்டு, காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து போவார். காற்று செலுத்தும் கருவியும் இடுப்புக் கயிறும் உள்ளவர்களையே கூப்பிடுங்கள்.

தென்னைக்குக் கீழே எல்லாமே கருப்பாகிறது

வாழை, மணிபிளான்ட், கார் கண்ணாடி, திண்ணை எல்லாவற்றிலும் பிசுபிசுப்பும் கரியும் படிகிறது என்றால் நோய் கீழே இருக்கும் செடிக்கு இல்லை. மேலே தென்னை ஓலையின் அடியில் வெள்ளைச் சுருளாகப் பாருங்கள். சுருள் வெள்ளை ஈ. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்டார்கள், சில வருடங்களுக்குள் இங்கும் வந்துவிட்டது. அது விடும் இனிப்பு நீரில் கரும்பூசணம் வளர்கிறது. பூச்சிமருந்து அடிக்காதீர்கள். இந்த ஈயைத் தின்று அடக்கும் சின்னக் குளவியும் அதில் செத்துப்போகும். கையெட்டும் ஓலைகளின் அடியில் வேகமாகத் தண்ணீர் பீச்சுங்கள். கருப்பு படிந்த இலைகளில் நீர்த்த மைதாக் கஞ்சி தெளித்தால் காய்ந்து பொருக்காக உதிரும்.

ஓலை முக்கோணமாகக் கத்தரித்தது போல வந்தால் காண்டாமிருக வண்டு, அது முட்டையிடும் சாணக்குழியும் அழுகும் மரத்தடியும் உங்கள் தோட்டத்திலேயே இருக்கும். நடுக்குருத்தின் பக்கத்து ஓலைக் கக்கங்களில் வேப்பம் பிண்ணாக்கும் மணலும் சமமாகக் கலந்து வையுங்கள். தடியில் துளையிலிருந்து பழுப்பு நீர் வடிந்தால் சிவப்புக் கூன்வண்டு, அன்றே ஆள் கூப்பிட வேண்டும். ஓலையின் இலைகள் உள்பக்கம் வளைந்து, மஞ்சளாகி, காய்ப்பு குறைந்துகொண்டே வந்தால் கேரள வாடல் நோயாக இருக்கலாம். மருந்து கிடையாது. நல்ல உரமும் தண்ணீரும் கொடுத்தால் சில வருடம் காய்க்கும், காய்ப்பு நின்ற மரத்தை வெட்டிவிடுவது மற்ற மரங்களுக்கு நல்லது. புதிதாக வைப்பதானால் காயங்குளத்தில் உள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையத்தில் உருவான கல்பரட்சா போன்ற தாங்கும் ரகங்களைக் கேளுங்கள்.

பழைய மாமரம் உச்சியிலிருந்து காய்கிறது, சக்கைப் பிஞ்சு உதிர்கிறது

சக்கை உதிர்வதற்குப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம். மெல்லிய காம்பில் தொங்கி, கருத்து உதிர்பவை ஆண் பூங்கதிர்கள், அவை உதிரத்தான் செய்யும். தடியிலும் தடித்த கிளையிலும் பருத்த காம்போடு நிற்பவை மட்டுமே சக்கை.

மாமரம் அப்படியல்ல. உச்சிக் கிளை காய்ந்து வந்தால் மேலே பார்க்காமல் கீழே பாருங்கள். கிளை விரிந்திருக்கும் அகலம் முழுக்க இன்டர்லாக் போட்டு, நடுவில் ஒரு சதுரம் மட்டும் விட்டிருப்பார்கள். வேர் மூச்சுவிட வழியில்லை. அல்லது புது மதிலுக்கு வானம் தோண்டும்போது ஒரு பக்கத்து வேரையே வெட்டியிருப்பார்கள். கல்லை எடுத்து, சருகு மூடாக்குப் போட்டு, அடிமரத்தைச் சுற்றிக் குவித்த மண்ணை விலக்கிவிடுங்கள். இரண்டு மூன்று வருடம் பொறுத்தால் துளிர்க்கலாம். வேர் ஒரு பக்கம் போன மரம் வீட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தால் மட்டும் பொறுமை வேண்டாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி வந்தபோது இந்த மாவட்டத்தில் எத்தனை மரம் வேரோடு விழுந்தது என்று எல்லோருக்கும் தெரியும். உச்சிப் பாரத்தைக் குறைத்து வெட்டச் சொல்லுங்கள்.

மழை முடிந்தும் முற்றத்தில் தண்ணீர் நிற்கிறது

நடுமுற்றம் என்றால் தண்ணீர் வெளியேறும் ஓடை அடைத்திருக்கிறது. பல வீடுகளில் அது பட்டாசாலை என்னும் கூடத்துத் தரைக்கு அடியில் ஓடும், புது டைல்ஸ் போட்டபோது யாரோ அடைத்திருப்பார்கள். நீளமான மூங்கில் பிளாச்சை இரு முனையிலிருந்தும் விட்டு எந்த இடத்தில் முட்டுகிறது என்று அளந்து, அந்த ஒரு டைலை மட்டும் பெயருங்கள்.

முன்முற்றம் என்றால் தெருவைப் பாருங்கள். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டு, இப்போது வாசல்படி தெருவுக்குக் கீழே இருக்கும். பக்கத்து மனைக்காரரும் மண் அடித்து உயர்த்தியிருப்பார். முற்றத்தை நாமும் உயர்த்தினால் சுவர் நனையத் தொடங்கும், மேலே முதலில் சொன்ன வியாதி அப்படித்தான் வருகிறது. கேட்டின் உள்பக்கம் குறுக்கே ஒரு அடி அகலத்தில் கம்பிமூடி போட்ட கால்வாய் வெட்டி, தோட்டத்தின் தாழ்ந்த மூலையில், தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும் ஒரு உறைகுழிக்கு விடுங்கள். குழியை வீட்டுச் சுவரிலிருந்தும் கிணற்றிலிருந்தும் நன்றாகத் தள்ளி வையுங்கள். தெருத்தண்ணீரை நேரே கிணற்றுக்குள் திருப்பச் சொல்கிறவர்கள் இருப்பார்கள், அதில் சாக்கடையும் வண்டி எண்ணெயும் சேர்ந்தே வரும். கூரைத் தண்ணீர் வேறு விஷயம். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, வடிகட்டிக் கிணற்றில் விடலாம்.